அங்கடி சாரின் வலது கால்

தார்வாட் கல்லூரிப் பட்டறையில், மகாதேவியும் ஈரண்ணாவும் இறுதியாண்டுத் தேர்வுக்காகச் செய்து முடித்த செயற்கைக் கால் மாலை வெயிலில் மினுங்குகிறது. வழிகாட்டி அங்கடி சார் அதன் கணுக்காலை மடக்கிப் பார்க்கிறார். "போட்டு நடந்து காட்ட ஆள் எங்கம்மா?" "ஆஸ்பத்திரியில கேட்டோம் சார். நீங்க குடுத்த அளவு யாருக்கும் பொருந்தலை." நடந்து காட்டாவிட்டால் தேர்ச்சி இல்லை என்பது மகாதேவிக்குத் தெரியும். "பொருந்தாது. அது என் அளவு." அவர் நாற்காலியில் உட்கார்ந்து வலது பேண்டைச் சுருட்டுகிறார். வார்கள் அவிழ்கின்றன. முழங்காலுக்குக் கீழே கால் தனியே கழன்று, ஷூவோடு தரையில் நிற்கிறது. ஈரண்ணாவின் ஸ்பேனர் நழுவி விழுகிறது. குனிந்தெடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. "நாலு வருஷமா எங்களுக்குத் தெரியாதே சார்." "உங்களுக்குத் தெரியாம நடக்கத்தானேப்பா இத்தனை பாடு." புதுக் காலை மாட்டி எழுகிறார். "கொஞ்சம் இறுக்குது. மாடிப்படி ஏறிப் பார்த்துட்டு மார்க் போடறேன்." வராந்தாவில் அவர் காலடிச் சத்தம் தேய்கிறது. இருவரும் இன்னும் நாற்காலியருகே நிற்கும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.