இன்னும் ஒரு வருஷம்

பால்கனியில் நின்றபடி, காதில் வைத்த போனுக்கு இடுப்பு வளையக் குனிந்துகொண்டிருந்தான் யசுஹிரோ. எதிரே ஆளே இல்லை, பாங்காக் நகரத்துச் சாயங்கால வெயில்தான் இருந்தது. ஆனாலும் மேலதிகாரி பேசினால் போனிலும் குனிந்தாக வேண்டும். ஜப்பானில் வளர்ந்த முதுகு அது.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த அவன் மனைவி மிசாகோவுக்குப் பேச்சு அரைகுறையாகத்தான் கேட்டது.

"சார்... இந்த ஒரு தடவை மட்டும்... என் குடும்பத்தை நெனச்சாவது..."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்காகத்தானே இந்த மனுஷன் இப்படிக் கெஞ்சுகிறான்!

ஒசாகாவில் மிசாகோ அரசுப் பள்ளி அறிவியல் டீச்சர். கணவனோடு வெளிநாடு போகிற டீச்சருக்குச் சம்பளமில்லாமல் மூன்று வருஷம் லீவு உண்டு, அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. ஏப்ரல் முதல் தேதி வகுப்பில் நிற்க வேண்டும், இல்லையென்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எது என்று வெள்ளிக்கிழமைக்குள் பதில் அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

யசுஹிரோ உள்ளே வந்து சோபாவில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"முடியாதுன்னுட்டாரு. இன்னும் ஒரு வருஷம் இங்கேயே இருக்கணுமாம்."

"ரெண்டே வருஷம்னு சொல்லித்தானே அனுப்பினாங்க? போன வருஷமும் இதே பாட்டுதான். அந்த ஒகுமுராவுக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

"என்ன பண்றது, அவர் வெச்சதுதான் சட்டம்."

"நாளைக்கு அவர் சம்சாரம் விருந்துக்கு வருவாங்கல்ல? நானே ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

யசுஹிரோ துள்ளி எழுந்தான். "அம்மா தாயே! ஆபீஸ் விஷயத்தைப் பொண்டாட்டிங்க பேசினாங்கன்னு தெரிஞ்சாலே என் சீட்டுக் கிழிஞ்சுடும். உனக்குத் தெரியாததா?"

தெரியும். கம்பெனி மனைவிமார் மாதம் ஒருமுறை கூடிச் சாப்பிடுவார்கள். கணவன்மாரின் பதவி வரிசைப்படி உட்காருவார்கள், திரைச்சீலை பற்றியும் சமையல் பற்றியும் பேசுவார்கள், ஆபீஸைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். மூன்று வருஷமாக அவளும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் மட்டும் ஊருக்குப் போறேங்க."

"போயேன். நான் தடுத்தேனா?" அவன் வயிற்றைத் தடவிக்கொண்டான். "அந்தப் பழைய அல்சர்தான் கொஞ்சம்... அதனால என்ன, கடைச் சாப்பாடு சாப்பிட்டுச் சமாளிச்சுக்கறேன்."

அவள் மறுபடி துணி மடிக்க உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையில்கூட அந்த ஒகுமுரா இவனைக் கோல்ஃப் ஆட இழுத்துக்கொண்டு போகிறார், முகமெல்லாம் கறுத்துத் திரும்பி வருகிறான். தனியாக விட்டுப் போனால் ஆள் தேறமாட்டான் என்று பட்டது.

மறுநாள் காலை ராஜினாமாக் கடிதம் எழுதினாள். கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற பெயர் முத்திரை கோணலாக விழுந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினாள். அவள் விட்டுவிட்டு வந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்த மார்ச்சில் ஒன்பதாம் வகுப்போடு அந்தப் பள்ளியையே முடிக்கிறார்கள். அதற்குள் வந்துவிடுவேன் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

கம்பெனி காரில்தான் தபால் ஆபீஸ் போனாள். ஊரில் பிதுங்குகிற ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றுகொண்டே வேலைக்குப் போன யசுஹிரோவுக்கு இங்கே காரும் டிரைவரும் உண்டு. இந்தச் சொகுசு யாருக்கு வேண்டும் என்று எரிச்சலாக வந்தது. உறையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

அங்கிருந்து நேரே விருந்துக்குப் போனாள். மேஜையின் தலைமாட்டில் ஒகுமுரா அம்மாள், கடைசி நாற்காலியில் மிசாகோ. அந்த அம்மாளைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் லிஃப்டில் இவள் கையைத் தட்டிக்கொடுத்து, "பள்ளிக்கூட நெனப்பையே விட்டுடும்மா, உடம்புதான் முக்கியம்" என்று சொன்னவள் அவள். பிடித்து வைத்திருப்பதும் இவர்கள், புத்தி சொல்வதும் இவர்களா?

சூப் வந்தது. மிசாகோவுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. இத்தனை நாள் பூட்டி வைத்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மேடம், என் டீச்சர் வேலையை இன்னைக்குக் காலைல எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே உங்க வீட்டுக்காரர் நிம்மதியா இருக்கலாம்."

எல்லார் கையும் அந்தரத்தில் நின்றது. யசுஹிரோ வீட்டு மிசாகோவா இப்படிப் பேசுகிறாள்?

ஒகுமுரா அம்மாள் எழுந்தாள். வரிசையெல்லாம் பார்க்காமல் கடைசி நாற்காலி வரை நடந்து வந்து மிசாகோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தில் கோபமே இல்லை.

"அவர் மட்டுமா? எனக்கும் இப்பதான்மா நிம்மதி. ஊருக்கு மாத்தல் வந்த ரெண்டு தடவையும் என் வீட்டுக்காரர் தலைமை ஆபீஸோட சண்டை போட்டுல்ல நிறுத்தினாரு!"

மிசாகோ நிமிர்ந்து பார்த்தாள். "நிறுத்தினாரா? யாருக்காக?"

"யாருக்காகவா? மறுபடியும் பள்ளிக்கூடம் போகச் சொன்னா என் பொண்டாட்டி செத்துடுவான்னு உன் புருஷன் வந்து அழுதாரேம்மா!"