குளவிக்கூட்டுக்குக் கீழே

“ராத்தா, இதுல எது உம்மாக் குளவி?”

ஷிபா அப்படிக் கேட்டதும் அக்கா ஜெமீலாவின் முகம் மலர்ந்துபோனது. வவுனியாவிலிருந்து வந்த நாள் முதல் தங்கையின் வாயிலிருந்து ஓம், இல்லை தவிர வேறொன்றும் வந்ததில்லை. பிறந்த அன்றே போன பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்தவளிடம் யார்தான் கதை எதிர்பார்ப்பார்கள்?

ஜெமீலா முல்லைத்தீவில் விஞ்ஞான ஆசிரியை. பிரசவ லீவில் நின்றாலும் பாடம் எடுக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. ஜன்னல் மூலையில் தொங்கிய அந்தக் கூட்டுக்கு நெருப்பு வைக்கப்போன கணவன் இர்ஷாத்துக்கும் அரை மணித்தியாலம் பாடம்தான் கிடைத்தது.

“பார்த்தாத் தெரியாது. எல்லாம் சகோதரியள்தான். சேர்ந்துதான் கூடு கட்டுங்கள். ஆனா ஒருத்திதான் முட்டை போடுவாள். மற்றவை அந்தப் புழுக்களுக்குச் சாப்பாடு தீத்துங்கள்.”

“மற்றவைக்கு முட்டை வராதோ?”

“வரும். போட்டாலும்…”

ஜெமீலா நிறுத்திக்கொண்டாள்.

“சொல்லுங்கோ ராத்தா.”

“அந்த ஒருத்தி அதைத் திண்டிடுவாள்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஷிபாவுக்குக் கோபம் வரவில்லை. ஒரு குளவி கூட்டின் அறைக்குள் தலையை விட்டுப் புழுவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு குளவியைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலைக்கு வந்துவிட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

மார்பு கல்லாய்க் கனத்தது. குடிக்க யாருமில்லை என்பது பாலுக்குத் தெரியவில்லை. மல்லிகைப்பூ வைத்து இறுக்கிக் கட்டியும் அது ஊறிக்கொண்டே இருந்தது.

இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அக்காவின் மகளை அவள் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. தூக்கினால் திருப்பிக் கொடுக்க மனம் வராது என்று பயந்தாள்.

ஏணையில் கிடந்த பிள்ளை சிணுங்கியது. பிறகு வீரிட்டு அழுதது.

ஜெமீலா பிள்ளையை எடுத்து நேரே தங்கையிடம் நீட்டினாள்.

“காலமை இருந்து எனக்குப் பாலே வருதில்லை. வத்திப்போச்சு. நீ குடு.”

ஷிபா பின்னால் நகர்ந்தாள்.

“குடுத்தா நானும் இவளுக்கு உம்மா ராத்தா. மார்க்கத்தில அப்பிடித்தானே? பிறகு மாத்தேலாது.”

அது உண்மை. வயிறு நிறையப் பலமுறை பாலூட்டியவளும் தாய்தான். நாளைக்கு ஷிபாவுக்குப் பிறக்கும் பிள்ளைகளும் இவளுக்குக் கூடப்பிறந்தவர்கள்தான். அந்த உறவை யாராலும் அறுக்க முடியாது.

“எனக்குத் தெரியாதோ? இவரிட்டயும் கேட்டிட்டன். ஓம் எண்டவர். பிள்ளை கத்துது, பிடி.”

ஷிபா பிடித்தாள். மார்புக் கட்டை அவிழ்த்தாள். பிள்ளை தேடிப் பற்றிக்கொண்டது. முதலில் உயிர் போகிற மாதிரி வலித்தது. பிறகு மார்பின் கனம் மெல்ல மெல்ல இறங்கியது. எத்தனையோ நாளாய் வராத அழுகை அப்போதுதான் வந்தது. பிள்ளையின் தலையில் விழாமல் கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

ஜெமீலா ஜன்னல் பக்கம் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அப்போதும் பாடம் நிற்கவில்லை.

“ஒண்டு சொல்ல மறந்திட்டன். தீத்துறவளுக்கு அந்தப் புழுவும் தன்ர வாயால ஒரு துளி திருப்பிக் குடுக்கும். அவளுக்கும் அது சாப்பாடு.”

குரல் உடைந்திருந்தது. அக்காவும் அழுகிறாள் என்று ஷிபா நினைத்தாள்.

பிள்ளை மூச்சு வாங்க வாயை எடுத்தது. பால் விட்டுப்போன ஆத்திரத்தில் ஒருமுறை கத்தியது.

அந்தக் கத்தலுக்கு ஜெமீலா தன்னை மறந்து திரும்பிவிட்டாள்.

அவளுடைய சட்டை இரண்டு பக்கமும் தொப்பலாய் நனைந்து, வயிறு வரை பால் வழிந்திருந்தது.

அவள் அவசரமாகச் சால்வையை இழுத்து மூடினாள். ஷிபா பார்த்துவிட்டாள்.

பிள்ளையை மற்றப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள்.