நாற்பத்தொன்று

“உங்களுக்கு மட்டும் எப்பிடிங்க பூ பூக்குது?”

சுகாசினி இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அவள் போனில் இருந்த குளம் வெடித்துக் காய்ந்து கிடந்தது. அவள் கணவன் பரசுராமனின் குளத்தில் தண்ணீரே தெரியாத அளவுக்குத் தாமரை.

“எனக்கு என்னா தெரியும்? மூச்சை இழுன்னு சொல்லுது, இழுக்கறேன். விடுன்னு சொல்லுது, விடறேன்.”

“நானுந்தான் இழுத்துக்கினு கெடக்கறேன்.”

விரலால் ஆட வேண்டிய விளையாட்டு இல்லை அது. கையில் கட்டிய வாட்ச்சின் அடியில் ஒரு பச்சை விளக்கு எரியும். ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் பொங்கி வரும்போது அந்தப் பச்சை வெளிச்சத்தைக் கொஞ்சம் விழுங்கிவிடும். வெளிச்சம் எத்தனை தடவை குறைகிறது என்று எண்ணி, வாட்ச் நாடியைச் சொல்லும். அறுபதுக்குக் கீழே இறங்கினால் போனில் ஒரு மொட்டு அவிழும். மனசு அடங்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம்.

வாட்ச் இரண்டும் துளசி வாங்கித் தந்தவை, போன தீபாவளி போனஸில். ஒரே மகள். மூன்று மாதத்துக்கு முன்னால், ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கி ரோட்டைத் தாண்டும்போது லாரி அடித்தது. படபடப்பு அடங்காமல் தவித்த சுகாசினிக்காகத்தான் கவுன்சலிங் மேடம் இந்த கேமை இருவர் போனிலும் போட்டுக் கொடுத்தார்.

சுகாசினியின் நாடி தொண்ணூற்றெட்டைவிட்டு இறங்கவே இல்லை. பரசுராமனுக்கு நாற்பத்தொன்று.

வாட்ச் கோளாறோ என்று மாற்றிக் கட்டிப் பார்த்தாள். அவர் வாட்ச் அவள் கையில் தொண்ணூற்றெட்டு காட்டியது. அவள் வாட்ச் அவர் கையில் நாற்பத்தொன்று. ஸ்ட்ராங்காக டீ போட்டுக் கொடுத்தாள். நாற்பத்தொன்று. கடைசியில் அவர் மணிக்கட்டைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, “துளசி” என்றாள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். எண் அசையவில்லை.

போனில் மட்டும் ஒரு வரி வந்தது: ‘வாழ்த்துகள். இந்த வாரமும் உங்கள் குழுவில் மிக அமைதியான இதயம் உங்களுடையதே.’

“பாத்தீங்களா, பரிசு வேற குடுக்கறாங்க.” சுகாசினி போனைக் கவிழ்த்து வைத்தாள். “பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே கடைக்குப் போயி, கல்யாணப் பொண்ணுங்களுக்கு முகூர்த்தப் புடவை விரிச்சுப் போட்டீங்க. ஏழு மணிக்கெல்லாம் அசந்து தூங்கறீங்க. போனவ உங்களுக்குப் பொண்ணா, பக்கத்து வீட்டுப் பொண்ணா?”

“உள்ள எரியுது சுகா. அது ஏன் இதுல தெரியலைன்னுதான் எனக்கும் புரியலை.”

“வாய் என்னா வேணா சொல்லும். நாடி பொய் சொல்லுமா?”

சுகாசினி பையை எடுத்துத் துணிகளைத் திணித்தாள்.

“நான் ஓரிக்கைக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். தேடிக்கினு வராதீங்க. அழறதுக்குக்கூட துணை இல்லாத வீட்டுல எனக்கென்ன வேலை?”

அவர் தடுக்கவில்லை. “பையைக் குடு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தூக்கிக்கினு வரேன்” என்றார்.

பிள்ளையார்பாளையம் தெருமுனைக்கு வருவதற்குள், “கொஞ்சம் மெதுவா போம்மா” என்று இரண்டு முறை சொன்னார். கூட வரக்கூட இஷ்டமில்லை போலிருக்கிறது என்று அவள் இன்னும் வேகமாக நடந்தாள். பின்னால் யாரோ சத்தம் போட்ட பிறகுதான் திரும்பினாள். ரோட்டில் பை ஒரு பக்கம் கிடக்க, பரசுராமன் ஒரு பக்கம் விழுந்து கிடந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நீளமான ஈ.சி.ஜி. காகிதச் சுருளோடு வந்தார்.

“எவ்வளவு நாளா இந்த அசதி, தலைசுத்தல்?”

“அசதியா? நல்லா தூங்குவாரு, அவ்ளோதான். அவருக்கென்னாம்மா, நாடி நாப்பத்தொண்ணு. கேம்லயே ஃபர்ஸ்ட்டு.”

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். “நாப்பத்தொண்ணு நல்லதுன்னு யாரு சொன்னது?”

காகிதத்தைக் கட்டிலின் விளிம்பில் விரித்து, பேனாவை வைத்தார்.

“இதயத்துல மேல ரெண்டு அறை, கீழ ரெண்டு அறை. பயமோ துக்கமோ வந்தா மேலறை வேகமா அடிக்கும். அங்கேருந்து மின்சாரம் மாதிரி ஒரு சேதி கீழ போவும், கீழறையும் அதே வேகத்துல அடிக்கும். கையில துடிக்கிறது கீழறைதான். வாட்ச்சு எண்ணுறதும் அதைத்தான். இவருக்கு நடுவுல அந்த வழி அடைச்சுப் போச்சு. மேல நடக்குற எதுவும் கீழ தெரியாது. கீழறை தானா, மெதுவா அடிச்சுக்கினு இருக்குது. விட்டா அதுவும் நின்னுடும்.”

சுகாசினி காகிதத்தையே பார்த்தாள். எங்கோ ஒன்று எங்கோ ஒன்றாக உயரமான கோடுகள். அவற்றுக்கு நடுவே, நெருக்கி நெருக்கிச் சின்னச் சின்ன மேடுகள்.

“இந்தச் சின்னது?”

“அதான் மேலறை. நிமிஷத்துக்கு நூத்திப் பன்னண்டு. எத்தனை நாளா இப்படி அடிச்சுக்கினு கெடந்துதோ.”

அவள் அந்தச் சின்ன மேடுகளை விரலால் தடவினாள். “இப்ப என்னா பண்ணணும்?” என்று மட்டும் கேட்டாள்.

“நாளைக்கு பேஸ்மேக்கர் வெச்சிடலாம். மேல வர்ற சேதியைக் கேட்டு அது கீழ சொல்லிடும். அப்புறம் மேல நூத்திப் பன்னண்டுன்னா, கையிலயும் நூத்திப் பன்னண்டுதான் காட்டும்.”