கரகரப்புக்குப் பின்னால்

என் வீட்டுக்காரி போய்ச் சேருமுன் கம்ப்யூட்டரில் பேசிப் பதிந்துவைத்தது ஒன்றே ஒன்றுதான். ஹெட்போனில் கேட்டால் ஒரே கரகரப்பு, ஒரு வார்த்தை புரியாது. வீட்டுக்கு வரவழைத்த ரிப்பேர்காரனை நம்பாமல் ஒட்டியே நின்றேன்.

“அதை அழிச்சே, உன்னைத் தொலைச்சுடுவேன்.”

“அழிக்க மாட்டேன் பெரியவரே. மூச்சு கழுத்துல படுது, தள்ளி நில்லுங்க.”

வேறு ஹெட்போன் மாட்டிப் பார்த்தான், அதிலும் கரகரத்தது. கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லி, சத்தத்தைக் கூட்டும் ஏதோ ஒன்றை உள்ளே அணைத்தான். ஹெட்போனை என் காதில் வைத்தான்.

அவள் குரல் சுத்தமாகக் கேட்டது.

“அந்தத் தம்பி வந்து எவ்வளவு நேரமாச்சு? முறைச்சிட்டு நிக்காம குடிக்க ஏதாவது குடுங்க.”

எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சமையலறைக்குப் போய் டீ போட்டேன். வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நல்ல டம்ளர்களை எங்கே வைத்தாளென்று தெரியவில்லை. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.