சுண்டலின் வாக்குமூலம்

தெருவிலிருந்து மீட்கப்பட்ட சுண்டல் என்ற நாய் தமயந்தியின் வீட்டுக்கு வந்து சரியாக இருபது நாள், நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. தற்காலிகப் பராமரிப்பு இன்றோடு முடிகிறது. தத்தெடுக்க வந்த தம்பதியைப் பார்த்ததும் அது சோபாவைக் கிழித்தது. அந்த அம்மாவின் செருப்பைக் கடித்துக் குதறியது.

"எப்பவும் இப்படித்தாங்க," என்றாள் தமயந்தி, தரையைப் பார்த்தபடி. "முந்தாநாள் வந்தவங்களும் வேண்டாம்னுட்டாங்க."

தம்பதியை அழைத்து வந்திருந்த நாய்க் காப்பக அதிகாரி, நாய் நினைப்பதைப் பேசும் கழுத்துப்பட்டையைப் பையிலிருந்து எடுத்துச் சுண்டலுக்கு மாட்டினார். தமயந்தி மெல்லச் சமையலறைப் பக்கம் நகர்ந்தாள்.

"ஏம்பா சுண்டல், உனக்கு என்னதான் பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல சார். அக்காதான் பழக்கினாங்க. செருப்புக்கு ஒரு பொறை பிஸ்கட், சோபாவுக்கு ரெண்டு."

"எதுக்கு?"

"என்னைய அவங்களே தத்தெடுத்துக்கணுமாம். உங்ககிட்ட கேக்க வெக்கமா இருக்காம்."