மூன்று மணி ஆட்டம்

சரியாக மூன்று மணிக்கு, போன் சீட்டாட்டத்தில் பற்றிக்கின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. "வந்திட்டீங்களே" என்று சிரித்தபடி எவ்லின் தன் சீட்டுகளை அடுக்கத் தொடங்கினாள்.

அவள் கணவர் பற்றிக்கைப் புதைத்து அன்றோடு இருபத்தொன்பது நாள்.

பார்த்துக்கொண்டு நின்ற மகன் ரொனிக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்பாவின் போனைச் செபமாலையோடு சவப்பெட்டிக்குள் வைத்தவனே அவன்தான்.

"அம்மா, அந்தக் கேமை அழிச்சுப்போடுங்கோ. அப்பாவின்ட ஆத்துமம் நிம்மதியாப் போகட்டும்."

"சும்மா இரு மகன். அவர் என்னைத் தனிய விட்டிட்டுப் போகமாட்டார்."

மூன்று வருடத்துக்கு முன் எவ்லினுக்குப் படபடப்பு வந்து தூக்கம் போனபோது, டொக்டர் சொல்லித்தான் இந்தச் சீட்டாட்டம். நல்ல ஆட்டம்தான்; அவசரப்படுத்தாது, தோற்றாலும் நோகாது. ஒரே குறை, கூட ஆடுகிறவரோடு ஒரு வார்த்தை பேச வழியில்லை.

தனியே ஆட முடியாதென்று அவள் கெஞ்ச, பற்றிக்கும் சேர்ந்தார். தான் வேலை செய்த துறைமுகத்தில், மூன்று மணித் தேநீர் நேரத்தில் மட்டும் ஆடுவார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூப்பிட்டாலோ, "கண் நோகுது" என்று திரும்பிப் படுத்துவிடுவார்.

செத்த பிறகும் ஞாயிறுகளில் அந்த விளக்கு எரியவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று எவ்லின் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் முப்பதாம் நாள் பூசை. கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை முடிந்து எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். துறைமுகத்தில் பற்றிக்கோடு வேலை செய்த அழகுமுத்துவும் லீவு போட்டுவிட்டு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணியாயிற்று. மூன்றேகாலும் ஆயிற்று. விளக்கு எரியவில்லை.

"போயிட்டார்" என்றாள் எவ்லின். "பூசை குடுத்து நானே அனுப்பிப்போட்டன்." பழைய படபடப்பு திரும்பி வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் நாற்காலியில் சரிந்தாள். ரொனி தண்ணீருக்கு ஓடினான்.

அழகுமுத்து எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், சட்டைப் பையிலிருந்த தன் போனை எடுத்து விரலால் தொட்டார்.

எவ்லினின் மடியிலிருந்த போனில் பச்சை விளக்கு எரிந்தது.

எவ்லின் அந்த விளக்கையும் அழகுமுத்துவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப, அவர் செத்த நாளில இருந்து என்னோட விளையாடினது நீங்களோ?"

"அதுக்கு முன்னாடியும் அண்ணன் பேர்ல ஆடினது நான்தான் அக்கா. அவருக்குச் சீட்டு விளையாடவே தெரியாது."