பக்கத்து வீட்டுத் தொட்டி

"இன்னும் கொஞ்சம் பின்னால... வாங்க, வாங்க... அப்படியே நிறுத்துங்க."

லைல் இரண்டு கைகளையும் ஆட்டி லாரிக்கு வழி காட்டினார். லாரியின் முதுகில் ஓர் அறை அளவுக்குப் பெரிய இரும்புக் குப்பைத் தொட்டி. பக்கத்து வீட்டு ஆர்டிஸின் கூரையைப் பிரித்து மாற்றப் போகிறார்கள். பழைய தார் ஓடுகளை அள்ளிப் போடுவதற்காக அவள் வாடகைக்கு எடுத்தது.

ஆர்டிஸ் ஊரில் இல்லை. சுத்தியல் சத்தம் பூனைக்கு ஆகாதென்று அதைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான் போறேன், லைல். தொட்டி வந்தா எங்க வெக்கணும்னு மட்டும் காட்டிடுங்க" என்று சொல்லியிருந்தாள்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினான். "சார், விலாசம் பக்கத்து வீடுன்னுல்ல இருக்கு?"

"அந்தம்மா வாசலுக்கு அடியில சாக்கடைக் குழாய் போகுதுப்பா. பாரம் தாங்காது. அதான் என் ஷெட் முன்னால வெக்கச் சொல்றேன். அக்கம்பக்கத்துல இதுகூடச் செய்யலேன்னா எப்படி?"

குழாய் போவது உண்மைதான். லைலின் வாசலுக்கு அடியில்.

டிரைவர் இரண்டு வீடுகளையும் மாறி மாறிப் பார்த்தான். ஒரே ஆள் ஒரே வருடத்தில் கட்டியவை, வர்ணம்கூட ஒன்றுதான். "எனக்கென்ன சார், நான் இறக்கி வெச்சுட்டுப் போறவன். கூரைக்காரங்க வேற ஆளுங்க. விடிஞ்சதும் வருவாங்க, தொட்டியப் பாத்தா ஏணியச் சாத்திட்டு வேலைய ஆரம்பிச்சுடுவாங்க."

லைலின் காதில் 'விடிஞ்சதும்' என்பது மட்டும்தான் விழுந்தது. அதற்குள் முடித்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மில்வாக்கியிலிருந்து ஒரு தம்பதி வருகிறார்கள். லைலின் வீட்டை வாங்க அவர்களுக்குச் சம்மதம். போன கோடையில் மாற்றிய கூரையைப் பார்த்தே பாதி மயங்கிவிட்டார்கள். நிலவறையில் அடைந்து கிடக்கும் குப்பையைக் காலி செய்து காட்டினால் அன்றைக்கே கையெழுத்து என்று சொல்லியிருந்தார்கள். இந்த வீடு விற்றால்தான் அரிசோனாவில் பார்த்து வைத்திருக்கும் வீடு கைக்கு வரும். இன்னொரு பனிக்காலம் இங்கே வேண்டாம் என்று அவருடைய முழங்கால்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டன.

லாரி போனதும் மெத்தையின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி மனைவியைக் கூப்பிட்டார்.

கொரீன் அசையவில்லை. "அது ஆர்டிஸோட தொட்டி."

"நாம அடியிலதானே போடறோம். மேல ஓடு விழுந்தா யாருக்குத் தெரியப்போகுது?"

"ஃபோன் பண்ணிக் கேளேன். வேண்டாம்னா சொல்லப்போறா?"

"கேட்டா சரின்னுடுவா. அப்புறம் காலம் பூரா அதுக்கு நன்றி சொல்லிட்டிருக்கணும்."

"உடைஞ்ச குடையைக்கூடத் தூக்கிப் போட விடாத ஆளு நீ. ஓசியில தொட்டி கெடச்சதும் என்னா ஞானம் வருது பாரு."

லைல் வாய்க்குள் சிரித்துக்கொண்டார். மெத்தை போயிற்று. கதவு இல்லாத ஃப்ரிட்ஜ், துரு ஏறிய பனி தள்ளும் இயந்திரம், உடம்பைக் குறைக்க வாங்கித் துணி காயப்போடப் பயன்பட்ட சைக்கிள், எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. வெறுமையான நிலவறையில் நின்றபோது, தன் வாழ்க்கையே இவ்வளவு விசாலமாக இருந்ததா என்று ஒரு கணம் திகைத்தார்.

மறுநாள் இருட்டு பிரிவதற்குள் கொரீனை எழுப்பி, ஏரிக்கரையில் இருக்கும் மைத்துனன் வீட்டுக்குக் காரை விட்டார். கேட்பதற்கு ஆள் வந்து நிற்கும்போது பதில் சொல்வதற்கு ஆள் இல்லாமல் இருப்பதே நல்லது. பகலெல்லாம் படகில் உட்கார்ந்து தூண்டிலைப் பார்த்தார். ஒரு மீனும் சிக்கவில்லை. அவருக்கு அது ஒரு குறையாகவும் படவில்லை.

சாயங்காலம் திரும்பியபோது தெருமுனையிலிருந்தே தொட்டி தெரிந்தது. நிரம்பி வழிந்தது. ஓடுகள் முதுகைக் காட்டிக் கவிழ்ந்து மலையாகக் கிடந்தன. மெத்தையும் ஃப்ரிட்ஜும் இருந்த சுவடே இல்லை. இரண்டு வீட்டுக் கூரைகளையும் மறைத்துக் கவிந்திருந்த வாசல் மேப்பிள் மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, ஓர் ஓட்டுத் துண்டை எடுத்து வளைத்துப் பார்த்தார். உடையவில்லை. அந்தக் காலத்துச் சரக்கு, எவ்வளவு கெட்டி என்று நினைத்துக்கொண்டார்.

மேற்கே மேகம் கறுத்துத் திரண்டு வந்தது. முதல் துளி அவர் மணிக்கட்டில் விழுந்தது. பாவம் ஆர்டிஸ், கூரை திறந்து கிடக்கும் நேரம் பார்த்தா மழை வர வேண்டும்? ஷெட்டிலிருக்கும் தார்ப்பாயைக் கொடுத்து உதவலாமா என்றுகூட யோசித்தார்.

ஏணியை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த மேஸ்திரி அவரைப் பார்த்ததும் கையைத் துடைத்தபடி வந்தார். "நீங்கதான் வீட்டுக்காரரா? காலையிலேர்ந்து உங்களத்தான் தேடறேன். ஒண்ணு கேக்கணும்."

லைல் முந்திக்கொண்டார். "அந்த மெத்தையா? யாரோ தெருவுல போற பசங்க வேலைங்க. நான் விசாரிக்கறேன்."

"மெத்தை கெடக்குது, விடுங்க." மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "இவ்வளவு புதுக் கூரையை எதுக்கு சார் பிரிக்கச் சொன்னீங்க?"